‘இறங்கி வந்தவர்’ மீது ஒரு வழக்கு

கீழ்பென்னாத்தூர்,
14-8-1978

பேரன்புமிக்க அம்மையாருக்கு,

இராசமாணிக்கன் வணக்கம். தாங்களும் ஐயாவும் நலமுடன் வாழ விழைகிறேன். இங்கே நானும் உண்ணாமலையும் பிள்ளைகளும் நலம். மழை ஏமாற்றவில்லை. கொல்லையில் கடலை பூத்திருக்கிறது. பள்ளியில் இவ்வாண்டும் பத்தாம் வகுப்புத் தமிழ் எனக்கே.

உடனே செய்திக்கு வருகிறேன். பதிப்பாளர் இராமதாசு அவர்கள் தங்கள் கதைகள் அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கொண்டுவருகிறார் என்று மகிழ்ந்திருந்தேன். சென்னையில் அவரைக் கண்டபோது, “அம்மாவோட கடைசிக் கதைய மட்டும் விட்டுடலாம்னு இருக்கேன் சார். தீபாவளி மலருல வந்தப்பவே எத்தன பேரு திட்டி எழுதினாங்க தெரியுமா?” என்றார். என் குருதி கொதித்தது. அவ்விடத்திலேயே ஒரு சூளுரை செய்துவிட்டேன். வருகிற ஐப்பசியில் திருவண்ணாமலைத் தமிழ் மன்றத்தில் வழக்காடு மன்றம் கூடுகிறது. குற்றச்சாட்டு: ‘அபீதகுஜாம்பாள் அம்மையார் தம் கடைசிக் கதையால் வாசகரை ஏமாற்றினார்.’ குற்றம் சாட்டுபவர் வழக்கறிஞர் வேணு. நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சக்கரபாணி. தங்கள் தரப்பில் எழுந்து நிற்பவன் அடியேன். இராமதாசு நேரில் வருவார். மன்றம் விடுதலை தந்தால் கதையைத் தொகுதியில் சேர்ப்பதாக வாக்களித்திருக்கிறார்.

வழக்கின் பொருளைச் சரியாக வாங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். தீபத்துக்கு நெய்க்குடம் சுமந்து மலையேறிய கணவன் மறுநாள் இறங்கி வருகிறான். அவனைப் பார்த்த மனைவிக்கு ஐயம் பிறக்கிறது. இலை போட்டுச் சோறிட்டபடியே கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். திருமணத்தன்று அவள் உடுத்திய புடவையின் நிறம், முதல் குழந்தை இறந்த கிழமை, எல்லாவற்றுக்கும் அவன் சரியாகவே விடை சொல்கிறான். சொல்லச்சொல்ல அவள் ஐயம் வலுக்கிறது. ‘அவருக்கு இவ்வளவு ஞாபகம் கிடையாது’ என்று நினைத்துக்கொள்கிறாள். கடைசியில், ‘சாதம் போதுமா என்று கேட்டாள். போதும் என்றார். அவள் இன்னொரு கரண்டி போட்டாள்.’ அவ்வளவே கதை.

அம்மையீர், இறங்கி வந்தவன் அவள் கணவனா, அல்லனா? ஒரே வரியில் எழுதிவிடுங்கள். எஞ்சியதை என் நா பார்த்துக்கொள்ளும்.

தங்கள் எழுத்துக்கு அரணாய் நிற்கும்,
இராசமாணிக்கன்

*

திருவண்ணாமலை,
23-8-1978

அன்புள்ள தம்பி ராஜமாணிக்கத்துக்கு,

அநேக ஆசீர்வாதம். உண்ணாமலைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

வழக்கு போடுகிற அளவுக்கு நான் பெரியவளாகிவிட்டேனா என்று இவரிடம் கேட்டேன். “என்னையும் சாட்சிக் கூண்டுல ஏத்துவாளோ?” என்று கேட்கிறார். அவர் கஷ்டம் அவருக்கு. மலர் வெளியான நாளிலிருந்து கோயிலில் அர்ச்சனைத் தட்டு நீட்டுகிறவர்களெல்லாம், “சாமி, நீங்க நெஜமாவே நீங்கதானா?” என்று கேட்கிறார்களாம். “விபூதியை வாங்கிண்டு நகரு, பின்னால கூட்டம் நிக்கறது” என்கிறாராம். எத்தனை வருஷமாக எழுதுகிறேன், ஒரு கதையும் படித்தவரில்லை. இதை மட்டும் இரண்டு தரம் படித்தார். மறுநாள் சாப்பிடும்போது போதும் என்று சொல்லவே பயந்தார், பாவம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரே வரியில் எழுதச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வரியைக் கதையிலேயே எழுதியிருப்பேனே தம்பி! ஒரு நாள் அவர்தான் என்று தோன்றுகிறது. இன்னொரு நாள் இல்லை என்று தோன்றுகிறது. இதை ஒளித்துவைத்துக்கொண்டு விளையாடுவதாக நினைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் நிச்சயம். தொகுதியில் வேறு எதை எடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஜனங்களை அழவைப்பதற்கென்றே உட்கார்ந்து எழுதிய கதைகள் அதில் நிறைய உண்டு. இது அப்படி எழுதினதில்லை. இது இருக்க வேண்டும்.

தங்களை நம்பியிருக்கும்,
அபீதகுஜாம்பாள்

*

கீழ்பென்னாத்தூர்,
2-10-1978

அம்மையாருக்கு வணக்கம்.

தங்கள் மடல் என்னைப் பெருங்குழப்பத்தில் ஆழ்த்தியது. எழுதியவருக்கே தெரியாத ஒன்றுக்காக எப்படி வாதாடுவது? வகுப்பில் பாடம் நடத்துகையிலும் அந்தக் கரண்டியே கண்முன் நின்றது. உண்ணாமலை சோறு போடும்போது கையை உற்றுப் பார்த்தேன். “இன்னா, என் கையப் பாக்கறீங்க? வளையல் வாங்கித் தரப்போறீங்களா?” என்றாள்.

எனினும் நேற்றுப் பேருந்தில் வரும்போது பழைய தேர்தல் சுவரெழுத்து ஒன்றைப் படித்தேன். சட்டென்று அனைத்தும் விளங்கிவிட்டது! இப்போது சொல்லமாட்டேன். ஐப்பசித் திங்கள் ஐந்தாம் நாள், ஞாயிறு மாலை, தாங்கள் முதல் வரிசையில் அமர்ந்து கேட்டருள வேண்டும்.

வெற்றியோடு சந்திப்போம்.
இராசமாணிக்கன்

*

கீழ்பென்னாத்தூர்,
26-10-1978

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். நான்கு நாட்களாக எழுத அமர்ந்து, எழுத இயலாமல் எழுந்துவிட்டேன். நடந்ததை என் நினைவிலுள்ளபடியே வரிசையாக எழுதுகிறேன். நான் எங்கே பிழை செய்தேன் என்று தாங்களே சுட்டுங்கள்.

வேணு முதலில் பேசினார். “கனம் நடுவர் அவர்களே, என் கட்சிக்காரர்கள் இந்த ஊர் வாசகர்கள். காசு குடுத்து மலரு வாங்கி, கதையப் படிச்சி, தூக்கம் கெட்டுப் போயிருக்காங்க. இதுக்கு நஷ்டஈடு யாரு தர்றது?” என்றார். அவை சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து என்னைப் பார்த்து, “யோவ், எதிர்க்கட்சி வக்கீலு! அவரு புருசனா இல்லியா, அத்த மொதல்ல சொல்லுய்யா!” என்று கத்தினார்.

அப்போதுதான் நான் எழுந்தேன். “மேலே ஏறிப் போனவன் எவனாவது, போனவனாகவே இறங்கி வந்ததுண்டா?” என்று கேட்டேன். அவை அடங்கியது. “அம்மையார் எழுதியது ஒரு குடும்பத்தின் கதையா? இல்லை! அந்த மலை, பதவி என்னும் மலை! நம் தோள்மீது கால்வைத்து ஏறியவன் ஐந்தாண்டு கழித்து இறங்கி வருகிறான். தேர்தல் வந்துவிட்டதல்லவா, அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வருகிறது! உன் பெயர் நினைவிருக்கிறது, உன் பிள்ளையின் பெயர் நினைவிருக்கிறது, உன் மாட்டின் பெயர்கூட நினைவிருக்கிறது! அவன் அவன்தானா என்று தமிழன் ஐயுறுகிறான். ஐயுற்றுக்கொண்டே என்ன செய்கிறான்? இன்னொரு கரண்டி போடுகிறான். தோழர்களே, அந்தக் கரண்டிச் சோறுதான் நம் வாக்குச் சீட்டு!”

சீழ்க்கை ஒலி பெரிய கோபுரம்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். வேணுவே கைதட்டினார். நடுவர் ‘குற்றமற்றவர்’ என்று தீர்ப்பளித்தார். இராமதாசு என் கையைப் பற்றிக் குலுக்கினார். தங்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம்.

அதன் பிறகு தாங்கள் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துச் சொன்னவை என் செவியில் இன்னும் ஒலிக்கின்றன. “நடுவர் ஐயாவுக்கு நமஸ்காரம். தம்பி ரொம்ப நன்னாப் பேசினார். ஆனா குத்தம் நான் பண்ணினதுதான். தண்டனை என்னவோ அதைக் குடுங்கோ.”

நடுவர் திகைத்து எழுந்துவிட்டார். “அம்மா, விடுதலை ஆயிட்டீங்களே! விடுதலை ஆனவங்கள மறுபடி உள்ள போட எந்தச் சட்டத்துலயும் எடம் இல்லீங்களே!” என்றார். “அப்ப நான் கெலிச்சேனா, தோத்தேனா?” என்று வேணு கேட்டார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

எத்தனையோ மேடைகளில் தங்களுக்காகப் பேசியிருக்கிறேன். கோயில் வீட்டுப் பெண்மணியின் எழுத்தை நீ ஏன் தூக்கிப் பிடிக்கிறாய் என்று என் இயக்கத்தாரே ஏசியபோதும் தளர்ந்ததில்லை. என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சு அன்றைய பேச்சு. அதை ஏன் தாங்களே தள்ளிவிட்டீர்கள்?

விடை வேண்டி,
இராசமாணிக்கன்

*

திருவண்ணாமலை,
3-11-1978

அன்புள்ள தம்பிக்கு,

ஆசீர்வாதம். உங்களுக்கு வருத்தம் வரும் என்று தெரிந்தேதான் பேசினேன். உங்களைச் சிறுமைப்படுத்தப் பேசவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பக்கத்திலிருந்த கன்னியம்மாள் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பேச்சு போகப்போக நான் ஒருத்தியைத் தேட ஆரம்பித்தேன். என் கதையில் ஒரு பெண் இருந்தாள், தம்பி. அடுப்படியில் நின்றாள், இலை போட்டாள், பயந்தாள். நீங்கள் அவ்வளவு நேரம் பேசினீர்கள். பதவி வந்தது, தேர்தல் வந்தது, தமிழன் வந்தான், அவன் மாடுகூட வந்தது. அவள் ஒரு தடவைகூட வரவில்லை.

அவள் இல்லாத கதைக்குக் கிடைத்த விடுதலையை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவளோடு சேர்ந்து குற்றவாளியாகவே இருந்துவிடலாம் என்று வாயில் வந்துவிட்டது.

இப்போது இன்னொரு விஷயம். ராமதாஸ் கடிதம் போட்டிருக்கிறார். கதையைச் சேர்க்கிறாராம். ஆனால் உங்கள் பேச்சை முன்னுரையாக எழுதி வாங்கி, கதைக்கு முன்னால் போட்டால்தான் சேர்ப்பாராம். அது இல்லாவிட்டால் வாசகர்கள் மறுபடியும் திட்டுவார்களாம். உங்களுக்கும் எழுதியிருப்பார்.

இவருக்கு இரண்டு நாளாகச் சளி. மற்றபடி க்ஷேமம்.

அபீதகுஜாம்பாள்

*

கீழ்பென்னாத்தூர்,
19-11-1978

அம்மையாருக்கு வணக்கம்.

இராமதாசின் மடல் எனக்கும் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன்: படித்ததும் துள்ளினேன். பேசுகிறவனின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று தாங்கள் அறிவீர்கள். தொண்டை கிழியப் பேசுகிறோம். பந்தல் பிரிப்பதற்குள் அது காற்றோடு போய்விடுகிறது. தங்கள் பெயர் பொறித்த நூலில் என் எழுத்து ஒரு நான்கு பக்கம் இருக்குமானால், அதைவிடப் பெரிய பேறு எனக்கில்லை. முன்னுரை எழுதியே முடித்துவிட்டேன்.

அனுப்புமுன் உண்ணாமலைக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கதை தெரியாது என்பதால் அதையும் படித்தேன். முழுவதும் கேட்டாள். பிறகு நிகழ்ந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

“அந்தப் பொம்பளைக்கு வந்த சந்தேகம் எனக்கும் உண்டு.”

“என்ன ஐயம்?”

“மீட்டிங்கு முடிஞ்சி வர்றீங்களே, அப்ப வந்தது யாருன்னு எனக்கு என்னா தெரியும்? அன்னைக்கு ஒரு நாளு கதவத் தட்டி, நான் தெறந்ததும் ‘தாய்மார்களே’ன்னீங்க.”

“அது ஒரு பழக்கத்தில் வந்துவிட்டது.”

“அதத்தான் சொல்றேன். தண்ணி குடுத்தாக்கூட ‘நன்றி, வணக்கம்’ங்கறீங்க. யாரோ எவரோன்னு பயந்துக்கினே சோறு போட்டிருக்கேன். ஆனா எனக்கு உங்க முன்னுரைல சொல்றது ஒண்ணும் வெளங்கல. அதுல அந்தப் பொம்பள எங்க?”

அம்மையீர், தாங்கள் கேட்ட அதே கேள்வி! தங்கள் மடலை நான் அவளுக்குக் காட்டவில்லை. இரவெல்லாம் எனக்கு உறக்கமில்லை. அவள் சொன்னதைக் கொண்டு வேறொரு முன்னுரை எழுதலாமா என்றும் முயன்றேன். இறங்கி வந்தவன், மேடையிலிருந்து இறங்கி வந்தவன் என்று. அதுவும் நன்றாகவே பொருந்துகிறது. எதை வைத்தாலும் பொருந்துகிறதே, பிறகு எதை நம்புவது? எது பொருந்தினாலும் அந்தக் கரண்டி மட்டும் வெளியே நிற்கிறது.

நான் என்ன செய்ய வேண்டும்? முன்னுரை தந்தால் கதை பிழைக்கும். தராவிட்டால் கதை போய்விடும். தங்கள் ஆணைக்குக் காத்திருக்கிறேன்.

குழம்பி நிற்கும்,
இராசமாணிக்கன்

*

திருவண்ணாமலை,
28-11-1978

அன்புள்ள தம்பிக்கு,

ஆசீர்வாதம். உண்ணாமலையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆணை போட நான் யார்? விளக்கத்தைப் படித்துவிட்டுக் கதைக்குள் போகிறவன் அவளைப் பார்க்கமாட்டான். உங்கள் மந்திரியைத்தான் பார்ப்பான். அப்படி வருவதற்கு அது வராமலே போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அச்சில் வர வேண்டும் என்ற ஆசை என்னவென்று எனக்கும் தெரியும். முதல் கதை வந்த பத்திரிகையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தவள் நான். எழுதக்கூடாது என்று உங்களைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

ராமதாஸுக்கு எழுதிவிட்டேன், உங்கள் முடிவே என் முடிவு என்று. கதையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினது நீங்கள். எதைக் காப்பாற்றுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி இனிமேல் நான் எழுதமாட்டேன்.

அபீதகுஜாம்பாள்

*

கீழ்பென்னாத்தூர்,
10-6-1979

அம்மையாருக்கு வணக்கம்.

பொங்கலுக்கு எழுதினேன், பங்குனியில் எழுதினேன். தங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஐயாவுக்கு உடல்நலம் எப்படியிருக்கிறது?

நேற்று நூல் அஞ்சலில் வந்தது. அழகிய அச்சும் கட்டும். பொருளடக்கத்தைப் பார்த்தேன். ‘இறங்கி வந்தவர்’ இல்லை. தங்களுக்கும் வந்திருக்கும், தாங்களும் பார்த்திருப்பீர்கள்.

இராமதாசுக்கு நான் எழுதியது இதுதான்: “மன்றத்தில் நான் சொன்ன விளக்கம் கேட்க இனிது. ஆயினும் அது அந்தக் கதை அன்று. அந்தக் கதை எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றபோதும் அதை விட்டு என்னால் நகர முடியவில்லை. முன்னுரை தர இயலாது. கதையை அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.” அவர் ஓர் அஞ்சலட்டையில் விடையளித்தார்: “வாதாடினவருக்கே வெளங்கலன்னா, காசு குடுத்து வாங்கறவனுக்கு எப்படி சார் வெளங்கும்?”

நான் வாய்மூடி அந்த முன்னுரையை அனுப்பியிருந்தால் கதை இன்று நூலில் இருந்திருக்கும். உண்மை சொல்லி அதைத் தோற்கடித்துவிட்டேனா? அல்லது, பொய்யால் காத்து அவளைத் தொலைத்திருப்பேனா? எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். தெளிவு பிறக்கவில்லை. தாங்கள் சினந்திருக்கிறீர்களா என்பதும் விளங்கவில்லை. ஏசியாவது ஒரு வரி எழுதுங்கள்.

இராசமாணிக்கன்

*

கீழ்பென்னாத்தூர்,
18-1-1980

அம்மையாருக்கு வணக்கம்.

விடை வராது என்று அறிந்தே எழுதுகிறேன். இதைத் தாங்கள் பிறர் வாயிலாகக் கேட்பதைவிட நானே சொல்வது முறை.

நேற்றுத் திருவண்ணாமலைத் தமிழ் மன்றத்தில் பொங்கல் விழா. ‘தமிழர் வீரம்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. தேர்தல் முடிந்த சூடு இன்னும் ஆறவில்லை. கூட்டம் தெருவை அடைத்து நின்றது. ஒலிவாங்கிமுன் நின்றேன். ‘பெரியோர்களே’ என்று தொடங்க வாயெடுத்தேன். வரவில்லை. சட்டைப்பையிலிருந்து மலரின் கிழித்த தாள்களை எடுத்தேன். ‘இறங்கி வந்தவர்’ என்று தலைப்பைச் சொன்னேன். முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். குரலை உயர்த்தவில்லை. கையை வீசவில்லை.

தொடக்கத்தில் சலசலப்பு. “தலைப்பு மாறிப்போச்சி சாரே!” என்று ஒருவர் குரல் கொடுத்தார். பிறகு பெண்கள் பகுதி அடங்கியது. அவர்கள் அடங்கவே ஆண்களும் அடங்கினர். அவள் முதல் குழந்தை இறந்த கிழமையைக் கேட்கும் இடத்தில் அந்த வரியை இருமுறை படிக்க நேர்ந்தது. கடைசி வரியைப் படித்துத் தாள்களை மடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. அம்மையீர், என் மேடை வாழ்வில் கைதட்டலின்றி ஒலிவாங்கியை விட்டு நகர்ந்தது நேற்றுத்தான். “அப்புறம்?” என்று ஒரு குரல். “அவ்வளவுதான்” என்றேன். “அதுக்கு நீ இன்னா சொல்ற?” என்றது இன்னொரு குரல். “எனக்கொன்றும் தெரியாது ஐயா” என்று சொல்லி அமர்ந்துவிட்டேன். சக்கரபாணி ஐயா என் காதில், “உடம்பு சரியில்லீங்களா?” என்று கேட்டார்.

கடைசிப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். “அது பேயிதான்” என்றாள் ஒருத்தி. “போடி, பேயி எங்கியாச்சும் போதும்னு சொல்லுமா? அவ புருசன்தான்” என்றாள் மற்றவள். “புருசன்னா அவ ஏன் பயந்தா?” “ஏன், நீ பயந்ததே இல்லியா?”

இது தங்கள் கதைக்கு நன்மையா தீமையா என்று எனக்குத் தெரியவில்லை. இசைவு பெறாமல் படித்ததற்குப் பொறுத்தருள்க.

இராசமாணிக்கன்

*

திருவண்ணாமலை,
27-1-1980

அன்புள்ள தம்பி ராஜமாணிக்கத்துக்கு,

அநேக ஆசீர்வாதம். இத்தனை நாள் எழுதாதது கோபத்தால் இல்லை. முந்தின வருஷப் பொங்கலுக்கு முன்பே இவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தும் வருஷம் முழுக்கப் படுக்கை. இப்போது எழுந்து நடமாடுகிறார். கோயிலுக்கு இன்னும் போகவில்லை. புத்தகம் வந்தபோது நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் ராமதாஸுக்கு எழுதினது சரியா தப்பா என்று யோசிக்கவும் எனக்குத் தெம்பு இல்லாதிருந்தது.

பொங்கல் கூட்டத்துக்கு நான் வரவில்லை. ஆனாலும் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குச் சேதி வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

பால் ஊற்றுகிற ஆராயி மறுநாள் காலையில் செம்பை வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள். “யம்மா, உங்களுக்கு ஒரு சேதி தெரியுமா? செங்கம் பக்கம் ஒரு பொம்பளயாம். புருசன் மலைக்குப் போயிட்டு எறங்கி வந்தானாம்” என்று ஆரம்பித்தாள். என் கதையை எனக்கே சொன்னாள், தம்பி! எங்கேயோ நிஜமாக நடந்ததாகவே சொன்னாள். அவள் கூட்டத்துக்குப் போனாளா, போனவர்களிடம் கேட்டாளா, தெரியாது. அதில் எத்தனை மாற்றம்! நெய்க்குடம் போய் விறகுச் சுமை ஆகிவிட்டது. புடவையின் நிறத்தை மாற்றிவிட்டாள். நான் எழுதாத ஒரு மாமியார் வேறு வந்து முனகுகிறாள்.

“அப்புறம் என்னடி ஆச்சு?” என்று கேட்டேன்.

“அப்புறம் என்னா? போதும்னான். இவ இன்னும் ஒரு கரண்டி போட்டா.”

“ஏன் போட்டா?”

ஆராயி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “கதை எழுதற அம்மா நீங்க, என்னப் போயி கேக்கறீங்களே! சாப்புடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு போட்டிருப்பா. எனக்கு இன்னா தெரியும்?” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். கதை யாருடையது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இவர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் அவருக்குக் கஞ்சி ஊற்றக் கரண்டியை எடுத்ததும், “நம்ம கல்யாணத்தன்னிக்கு நீ கட்டிண்டிருந்தது அரக்குப் புடவை” என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. அது அவருக்குத் தெரியும் என்றுகூட எனக்குத் தெரியாது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கதையை எழுதும்போதுகூட இவ்வளவு குழப்பமாக இல்லை எனக்கு. தை முடிவதற்குள் உண்ணாமலையை அழைத்துக்கொண்டு வாருங்கள். வழக்கு, வாதம் ஒன்றும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அபீதகுஜாம்பாள்